பிலிம் கழுவும் கை

(கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துத் தாமே கழுவப் பழகும் இளைஞர்களும் அவர்கள் வீட்டாரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில், எக்கியார்குப்பத்தில் ஆற்றிய உரை)



இன்று மதியம் நான் இங்கே வந்து இறங்கியதுமே ஒரு தம்பி என் கையில் ஒரு நெகட்டிவ் சுருளைக் கொடுத்தார். மரக்காணம் உப்பளத்தில் எடுத்த படங்கள். சுருளைப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல கண் அந்தத் தம்பிக்கு. பாத்தி ஓரத்தில் உப்புக் குவியல், அதற்குப் பின்னால் கூடை சுமந்து போகும் பெண்கள், மேலே பரந்த வானம். ஆனால் ஒவ்வொரு குவியலின் உச்சியிலிருந்தும் வானத்துக்குள் ஒரு வால் நீண்டிருக்கிறது. நெகட்டிவில் அது வெளிறிய பட்டை. பிரிண்ட் போட்டால் கறுத்த பட்டையாக விழும். "சார், கேமராவுக்குள்ள வெளிச்சம் பூந்துடுச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை தம்பி, உங்கள் கேமரா நன்றாக இருக்கிறது. இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நம் ஊரில் பிலிமை "டெவலப் பண்ணக் கொடுத்தேன்" என்று சொன்னவர்கள் குறைவு. "கழுவக் கொடுத்தேன்" என்றுதான் சொல்லிவந்தோம். அது வெறும் பேச்சு வழக்கு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இந்த வேலையில் கை பழகிய பிறகுதான் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்று தெரிந்தது. பாத்திரம் கழுவும்போது என்ன செய்கிறோம்? அழுக்கு ஏறிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரை அந்த இடத்துக்கு வரவைக்கிறோம். தண்ணீர் அசையாமல் நின்றால் பாத்திரம் சுத்தமாகாது. பிலிம் டாங்குக்குள் நடப்பதும் அதுவேதான். டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தும் கைதான் உண்மையில் பிலிமைக் கழுவுகிறது. மருந்து அந்தக் கைக்குத் துணை.

இதை உங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது. ஏனென்றால் பிலிம் டாங்குக்குள் நடப்பது உங்கள் ஊர்ப் பாத்திகளில் தினம் நடக்கிறது.

கடல் நீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் காயவிடுகிறீர்கள். கடல் நீர், அடர்த்தியை அளக்கும் போமே மானியில் ஏறத்தாழ 3 டிகிரியைக் காட்டும். அது சுண்டிச் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு இறங்குகிறது. 30 டிகிரியை நெருங்கும்போது மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறீர்கள். அந்தக் கசப்பு நீர் பாத்தியிலேயே தங்கினால் உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். சுண்டிய நீர் கனமானது, அடியில் தங்கும். திடீரென்று பெய்யும் சிறு மழையின் நீர் அதன் மேலே நிற்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த மேல்நீரைக் கலக்காமல் வடித்துவிடுவார்கள். கனத்த நீர் கீழே போகும், லேசான நீர் மேலே நிற்கும். இந்த ஒரு பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1826-ஆம் ஆண்டில் பலார் என்ற இளம் பிரெஞ்சுக்காரர், மோன்பெலியே ஊரின் உப்பளத்தில் மிஞ்சிய இதே கசப்பு நீரிலிருந்து ஒரு புதிய தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் புரோமின். உங்கள் பாத்தியிலிருந்து வடியும் நீரிலும் அது இருக்கிறது. உங்கள் கேமராவில் இருக்கும் பிலிமிலும் அது இருக்கிறது. ஜெலட்டின் பூச்சுக்குள் பொடிப்பொடியாகப் பரவியிருக்கும் வெள்ளி உப்புகளில் பெரும்பங்கு சில்வர் புரோமைடுதான்.

வெளிச்சம் பட்ட துகளை, படத்தை வளர்க்கும் மருந்தான டெவலப்பர் தொடும்போது அது கறுத்த வெள்ளியாக மாறுகிறது. அதிலிருந்த புரோமைடு நீருக்குள் வந்துவிடுகிறது. வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்தில் புரோமைடும் அதிகமாக வெளிவரும். இந்தப் புரோமைடு டெவலப்பரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதனால்தான் சில டெவலப்பர்களில் மூட்டம் வராமலிருக்கப் பொட்டாசியம் புரோமைடைத் தெரிந்தே சேர்க்கிறார்கள். ஆக, உப்புக் குவியல் விழுந்த இடத்தில் டெவலப்பர் சோர்ந்து, புரோமைடு சுமந்து, கனத்துப் போகிறது. கனத்த நீர் எங்கே போகும்? கீழே. போகும் வழியில் இருக்கும் வானத்தை வளரவிடாமல் தடுத்துக்கொண்டே போகும். தம்பியின் படத்தில் இருப்பது புரோமைடு இறங்கிய தடம்.

"சார், வால் மேலே அல்லவா போகிறது?" என்று நீங்கள் கேட்க வேண்டும். டாங்குக்குள் பிலிம் ரீலில் சுற்றி நிற்கும்போது அதன் ஒரு விளிம்பு மேலே இருக்கும், மறு விளிம்பு அடியில் இருக்கும். தம்பி சுற்றிய விதத்தில் படங்கள் தலைகீழாக நின்றிருக்கின்றன. டாங்கில் கீழே இறங்கியது படத்தில் மேலே ஏறியதாகத் தெரிகிறது. அதே சுருளில் இன்னொரு படத்தையும் பாருங்கள். கறுத்த படகு ஒன்று வானத்தை மறித்து நிற்கிறது. அதிலிருந்து போகும் வால் பிரிண்டில் வெளுப்பாக விழும். கறுத்த பொருள் நெகட்டிவில் வெறும் கண்ணாடி போல இருக்கும். அங்கே டெவலப்பர் சோர்வதில்லை. புத்துணர்வோடு இறங்கி, தன் வழியில் உள்ள வானத்தைக் கூடுதலாக வளர்த்துவிடுகிறது. இரண்டு வால்களும் ஒரே பக்கம் போகின்றன. வெளிச்சம் கசிந்திருந்தால் அது குவியலையும் படகையும் பார்த்துப் பார்த்துத் தொடாது. எத்தனை முறை அசைத்தீர்கள் என்று தம்பியைக் கேட்டேன். "மூன்று நிமிஷத்துக்கு ஒருவாட்டி, மெதுவா" என்றார். நோய் அங்கேதான் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு நாளையே டாங்கை எடுத்து மூச்சுவிடாமல் குலுக்கிவிடாதீர்கள். அந்தத் தவறைச் செய்தவன் நான். பழகத் தொடங்கிய காலத்தில், அசைவு போதாவிட்டால் கோடு விழும் என்று படித்த பயத்தில், எட்டு நிமிடமும் டாங்கை நிறுத்தாமல் ஆட்டினேன். அந்தச் சுருளில் என் அம்மா வெள்ளையடித்த சுவரின் முன் நின்ற படம் இருந்தது. சுவரின் மேலும் கீழும் பல்வரிசை போல வெள்ளைப் பட்டைகள். அம்மா இன்று இல்லை. அந்தச் சுவரும் இல்லை. பிரிண்டைத் திரும்பத் திரும்பப் போடலாம். பிலிமை ஒருமுறைதான் கழுவ முடியும். இவ்வளவு நுணுக்கமாக இதைப் பேசுவதற்கு எனக்கு இருக்கும் காரணம் அந்த ஒரு நெகட்டிவ்.

அந்தப் பல்வரிசை எப்படி வந்தது? 35 மில்லிமீட்டர் பிலிமின் இரண்டு ஓரங்களிலும் ஓட்டைகள் உண்டு. ஒரு படத்துக்கு ஒரு பக்கம் 8 ஓட்டை. டாங்கை ஓயாமல் வேகமாக ஆட்டும்போது அந்த ஓட்டைகளின் வழியே மருந்து பீறிட்டுப் பாய்கிறது. மதகுக்கு எதிரே மண் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஓட்டைக்கு நேரே உள்ள இடம் மட்டும் அதிகமாக வளர்ந்து, நெகட்டிவில் கறுத்து, பிரிண்டில் வெளுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அளவுகோல் போதும். ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி 4.75 மில்லிமீட்டர். உங்கள் பட்டைகள் அந்த இடைவெளியில், ஓட்டைகளுக்கு நேரே நின்றால் கை வேகம் அதிகம். படத்தில் உள்ள பொருளிலிருந்து புறப்பட்டு ஒரே பக்கம் வடிந்தால் கை சோம்பல்.

வேறு குறைகளும் இதே போலத் தோன்றி நம்மை ஏமாற்றும். அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

கறை படச் சட்டத்தோடு நிற்காமல் ஓட்டை இருக்கும் ஓரம்வரை கறுத்துப் பரவியிருந்தால் வெளிச்சக் கசிவைத் தேடுங்கள். சுருள் முழுவதும் ஒரே விளிம்பு மட்டும் வெளிறியிருந்தால், மருந்து பிலிமை முழுவதும் மூடவில்லை. நாம் பயன்படுத்தும் பேட்டர்சன் டாங்கில் 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றுக்கு 290 மில்லி, அகலமான 120 சுருள் ஒன்றுக்கு 500 மில்லி தேவை. டாங்கின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். சின்னச் சின்ன வட்டங்கள் தெளிவாக இருந்தால் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தது. பிறை வடிவம் தெரிந்தால் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியிருக்கிறது. கோடு பிலிமின் பளபளப்பான பின்பக்கத்தில் வெண்மையாகப் படிந்திருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அது காயும்போது தண்ணீர் விட்டுப்போன உப்பு. மறுபடி நனைத்து அலசினால் போய்விடும்.

சரி, சரியான அசைவு எது? இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறை எளியது. மருந்தை ஊற்றியதும் முதல் 10 விநாடியில் 4 முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிக்குள் 4 முறை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அசைப்பவர்களும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் அதை மாற்றாதீர்கள். கவிழ்க்கும்போது ஒவ்வொரு முறையும் டாங்கைக் கால்வட்டம் திருப்புங்கள். அப்போது நீர் ஒரே வழியில் பாயாது. முடித்ததும் தரையில் மெல்லத் தட்டி வையுங்கள், குமிழி விலகும். டாங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். காற்றுக்கு இடம் இருந்தால்தான் உள்ளே நீர் புரளும். இரண்டு ரீல் பிடிக்கும் டாங்கில் ஒரே சுருளைக் கழுவும்போது வெறும் ரீலை மேலே வையுங்கள். இல்லாவிட்டால் பிலிம் உள்ள ரீல் தண்டில் மேலேறி, மருந்துக்கு வெளியே தலைகாட்டும். குச்சியால் சுழற்றுவதை மட்டும் நம்பாதீர்கள். நீரும் பிலிமும் ஒரே பக்கமாகச் சுழலும், கலப்பு குறைவு.

அசைவைப் போலவே இடையில் விடும் ஓய்வும் முக்கியம். உப்பு வாருகிறவர்கள் பலகையை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால் கல் விளையுமா? விளையவிட்டு, வாரி, மறுபடி விடவேண்டும். அசைக்கும் விநாடிகளில் சோர்ந்த நீர் விலகிப் புது நீர் வந்து சேர்கிறது. ஓய்வில் அது வேலை செய்கிறது. ஓய்வு நீண்டால் புரோமைடு வடியத் தொடங்கும். ஓய்வே இல்லாவிட்டால் ஓட்டை வழியே நீர் பீறிடும்.

1891 முதல் இருந்துவரும் ரோடினால் என்ற மருந்தை 100 மடங்கு நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் நிற்கவிடும் முறையும் உண்டு. அதில் அழகான படங்கள் வந்திருக்கின்றன. ஆனால் வெறும் வானமும் வெள்ளை உப்பும் நிறைந்த உங்கள் ஊர்ப் படங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. வால் விழுவதற்கு அதைவிடத் தோதான வழி இல்லை.

அடுத்து வெப்பம். நான் சொன்ன முறைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சித்திரை வைகாசியில் இங்கே தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். எச்பி5 பிலிமுக்கு ஐடி-11 மருந்தை நீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு ஏற ஏற நேரம் சுருங்கும். 30 டிகிரியில் நாலு நிமிடம்கூட நிற்காது. ஊற்றுவதற்கே 15 விநாடி எடுக்கும் கைக்கு அது மிகக் குறுகிய நேரம். முதலில் நனைந்த இடத்துக்கும் கடைசியில் நனைந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே தெரிந்துவிடும். எந்த மருந்தானாலும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருந்தை நீர்க்க வைப்பது. அதே ஐடி-11-ஐச் சம அளவு நீரோடு கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். ஒன்றுக்கு மூன்று பங்கு நீர் கலந்தால் 20 நிமிடம். நேரம் நீண்டால் கையின் சிறு பிழைகள் கரைந்துபோகும். இரண்டாவது, குளிர்விப்பது. உள்நாட்டு நண்பர்கள் மண்பானையைச் சொல்வார்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், பானை அவ்வளவாகக் குளிராது. ஆனால் உங்களிடம் மீனுக்கு வாங்கும் ஐஸ் இருக்கிறது. அகலமான அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளை அதில் போட்டு, மருந்துப் பாட்டில்களையும் டாங்கையும் அதற்குள் நிறுத்துங்கள். ஐஸ் மருந்துக்குள் விழக் கூடாது. 20-க்கு இறக்கியே தீருவேன் என்று போராட வேண்டாம். 24 டிகிரியில் எல்லாவற்றையும் நிறுத்தி, அதற்குரிய நேரத்தைக் கணக்கிடுங்கள். மருந்து, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் நீர் மூன்றும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த மருந்திலிருந்து கொதிக்கும் குழாய்த் தண்ணீருக்குப் போனால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடித்துவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் பேச்சை முடிக்க முடியாது. உங்கள் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியிருக்கிறது. டெவலப்பர் கரைக்கக் கேன் தண்ணீர் வாங்குங்கள். 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றுக்கு அரை லிட்டர்கூட ஆகாது. ஆனால் ஹைப்போவுக்குப் பிறகு அலசுவதற்கு நல்ல தண்ணீர் நிறைய வேண்டுமே என்று கவலைப்படுவீர்கள். கடல் உங்களுக்கு உதவும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களில் நன்னீர் அருமையாக இருந்தது. படங்களைக் கடல் நீரில் அலசிப் பார்த்தார்கள். ஹைப்போ நன்னீரைவிடக் கடல் நீரில் விரைவாக வெளியேறுவதைக் கண்டார்கள். உப்பு ஜெலட்டினுக்குள் ஒட்டியிருக்கும் ஹைப்போவைத் தள்ளிவிடுகிறது. அந்த அனுபவத்திலிருந்தே ஹைப்போவை விரைந்து நீக்கும் தனி மருந்துகள் பிறந்தன. எனவே வடிகட்டிய தெளிந்த கடல் நீரில் முதலில் அலசலாம். ஆனால் உப்பு பிலிமில் தங்கிவிடக் கூடாது. முடிவில் நன்னீரை 5 நிமிடமாவது மாற்றி மாற்றி ஊற்றி அலசுங்கள். கடைசி முழுக்கு காய்ச்சி வடித்த நீரில். அதில் நீர் வழுக்கி ஓடுவதற்கான மருந்து சில துளி போதும். பிறகு கடல் காற்று படாத மூடிய அறையில் தொங்கவிடுங்கள்.

உப்புக்கும் படத்துக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டால்பட் 1830-களில் தம் முதல் படங்களைச் சாதாரணச் சமையல் உப்பில் தாளை நனைத்து, அதன் மேல் வெள்ளி நைட்ரேட் பூசித்தான் எடுத்தார். எடுத்த படம் கறுத்துப் போகாமல் நிறுத்தவும் முதலில் அடர்த்தியான உப்பு நீரையே பயன்படுத்தினார். பிறகு 1839-இல் விஞ்ஞானி ஹெர்ஷல் ஹைப்போவின் பயனை எடுத்துக்காட்டினார்.

வெப்பத்தோடும் வானத்தோடும் போராடியவர்கள் நமக்கு முன்பும் இருந்தார்கள். 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லினீயஸ் டிரைப், அதற்குச் சில ஆண்டு முன்னர் பர்மாவில் எடுத்த தாள் நெகட்டிவ்களில் வானத்துக்கும் இலைகளுக்கும் சாயம் தொட்டுத் திருத்தியிருக்கிறார். 1960-இல் அமைந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ஊட்டிக் குளிரில் எழுந்தது. 1967 முதல் இந்து என்ற பெயரில் பிலிம் வந்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஸ்டுடியோக்களில் திருமணங்களும் தேர்தல்களும் அந்த பிலிமில் பதிவாயின. அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. ஆனால் உங்களுக்குத் தெற்கே, ஒரு மணி நேரப் பயணத்தில், 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் சிதைந்தும் காணாமலும் போன சிலைகளைத் தேடுபவர்கள் இன்றும் அந்தப் படங்களைக் கேட்டு வருகிறார்கள். நன்றாகக் கழுவி, நன்றாக அலசி வைத்த நெகட்டிவ் அவ்வளவு காலம் பேசும். உங்கள் பாத்திகளும் படகுகளும் இந்தக் கரையும் நாற்பது ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்று நீங்கள் எடுப்பதுதான் அன்று சாட்சி.

ஒரு வேண்டுகோள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதை ஓடையிலோ உப்பளத்துக்குப் போகும் வாய்க்காலிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஊரெல்லாம் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பு இங்கே விளைகிறது. பக்கத்தில் கழுவெளியில் பறவைகள் இறங்குகின்றன. தனிக் கேனில் சேர்த்து வையுங்கள். வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுக்கலாம். டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறை அணியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மருந்துப் பாட்டிலைத் தண்ணீர்ப் பாட்டில்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

இனி அந்தத் தம்பிக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன், மற்றவர்களும் செய்யலாம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் பாத்தி வரப்பில் நில்லுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி, மேற்கு வானத்தை மட்டும் எடுங்கள். குவியல் வேண்டாம், படகு வேண்டாம், பறவையும் வேண்டாம். 36 படமும் வெறும் வானம். அதை இருட்டில் மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒன்றை அசைக்காமல் கழுவுங்கள். ஒன்றை ஓயாமல் ஆட்டிக் கழுவுங்கள். மூன்றாவதை நிமிடத்துக்கு 4 முறை, ஓய்வு விட்டுக் கழுவுங்கள். மூன்றையும் காயவைத்து, ஜன்னலில் அருகருகே தொங்கவிட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டும் உங்கள் கை எங்கே தவறும் என்பதைக் காட்டும். மூன்றாவதில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது: ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சாம்பல் நிறம், அவ்வளவுதான். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதன் பிறகு உங்கள் அம்மாவை வெள்ளைச் சுவரின் முன் நிற்கச் சொல்லுங்கள்.